கேரவன் வேனின் உள்ளமைப்பு

கேரவன் வேன் என்பது பயணிகள் அமர்ந்து செல்லும் இருக்கைகளோடு, உறங்கவும் சமைக்கவும் உடைமைகளை வைத்துக்கொள்ளவும் வேண்டிய வசதிகளை வண்டியின் உடலோடு நிலையாகப் பிணைத்துக் கட்டிய ஊர்தி ஆகும். காரின் பின்னால் கொக்கியிட்டு இழுக்கப்படும் வண்டிவீட்டிலிருந்து இது வேறானது. எஞ்சினும் வீடும் இதில் ஒரே உடலில் அமைகின்றன. இந்திய வாகன விதிகள் இதனை மோட்டார் கேரவன் என்னும் சிறப்பு வகையில் சேர்த்து, இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும் என வரையறுக்கின்றன. அதற்கான கட்டுமானத் தரம் ஏ.ஐ.எஸ்.-124 எனப்படுகிறது. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், உள்ளே நிமிர்ந்து நிற்கத்தக்க உயரமும் உடையவை இங்கே பெரிய வேன்கள் எனக் கொள்ளப்படுகின்றன. ஐதராபாத்தின் வடகிழக்குப் பகுதியான ஏ.எஸ்.ராவ் நகரில் வாழும் நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்றின் தேவையை அளவுகோலாகக் கொண்டு, அத்தகைய வேனின் உட்புறத்தைத் திட்டமிடும் முறை கீழே விளக்கப்படுகிறது.

தமிழ் வாசகர்கள் கேரவன் என்றதும் நினைப்பது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் இளைப்பாறவும் நிறுத்தப்படும் வண்டியைத்தான். அது நின்ற இடத்தில் பயன்படுவதற்காகக் கட்டப்படுவது. ஜெனரேட்டர் உடனிருப்பதால் மின்சாரத்தைப் பற்றிய கவலை அதற்கில்லை. ஓடும்போது உள்ளே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை என்பதால் சோபாவை எந்தப் பக்கம் பார்த்தும் போடலாம். குடும்பப் பயணத்துக்கான வேனுக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. ஆகவே அவ்வண்டியின் அழகில் மயங்கி அதையே முன்மாதிரியாகக் கொள்வது, பணத்தையும் இடத்தையும் ஒருங்கே வீணாக்கும்.

உலக அளவில், ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951-ல் போக்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கத்தக்க முகாம் பெட்டியை அறிமுகப்படுத்தியதிலிருந்து இவ்வகை ஊர்திகள் பரவின. ஐதராபாத்துக்கும் இதில் தனித்த வரலாறு உண்டு. 1982-ல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி.ராமாராவ், பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றியமைத்து, சைதன்ய ரதம் எனப் பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஒருங்கிணைந்த ஆந்திரம் முழுவதும் தேர்தல் பயணம் செய்தார். அதன் கூரையே மேடையாகப் பயன்பட்டது. கூட்டம் கூடும் இடமெல்லாம் ஏறி நின்று பேசுவதுதான் அந்த வண்டியின் வேலை என்பதால், அதன் அமைப்பும் அந்த வேலையைச் சுற்றியே உருவானது. எந்த வேனாயினும் அதில் அன்றாடம் நடக்கப்போவது என்ன என்பதை முதலில் தீர்மானித்தால்தான் தச்சர் ரம்பத்தைத் தொடலாம்.

அடிப்படை வண்டி

இந்தியாவில் தனியார் கேரவன்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையாவது புனேயைச் சேர்ந்த ஃபோர்ஸ் மோட்டார்ஸின் டிராவலர், அர்பேனியா ஆகிய வேன்களே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமாகிய சக்கர இடைத்தொலைவைக் கொண்டே இவற்றின் வகைகள் பிரிக்கப்படுகின்றன: டிராவலரில் 3050, 3350, 3700, 4020 மில்லிமீட்டர், அர்பேனியாவில் 3350, 3615, 4400 மில்லிமீட்டர். நீளமான அர்பேனியா ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் 2.1 மீட்டர் அகலமும் உடையது. பின் அச்சுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சக்கர இடைத்தொலைவில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆதலால் பின்னால் ஒரு பெட்டியை ஒட்டி நீளத்தைக் கூட்டிவிடலாம் என்னும் எண்ணத்துக்கு எல்லை உண்டு.

ஏ.எஸ்.ராவ் நகர், மின்னணுத் துறையின் முன்னோடி ஏ.எஸ்.ராவ் பெயரால் வழங்குவது. 1967-ல் நிறுவப்பட்ட பொதுத்துறை மின்னணு நிறுவனமான இ.சி.ஐ.எல்.-இன் வளர்ச்சியோடு வளர்ந்த குடியிருப்பு. இதன் உட்தெருக்களில் இருபுறமும் கார்கள் நிற்க, நடுவே மீதமிருப்பது ஒரு வண்டி செல்லும் அளவே. ஏழு மீட்டர் வேனை வீட்டு வாசலில் நிறுத்த இடமுண்டா, கேட்டுக்குள் திருப்ப முடியுமா, பக்கக் கதவைத் திறந்தால் அண்டை வீட்டுச் சுவரில் இடிக்குமா என்பவற்றை வாங்கும் முன்பே நாடாவால் அளந்து பார்க்க வேண்டும். கூரையில் ஏ.சி.யும் சோலார் தகடும் ஏறிய பின் உயரம் மூன்று மீட்டரை நெருங்கிவிடுவதால், சிகந்திராபாத் பக்கம் ரயில் பாதைக்கு அடியில் செல்லும் தாழ்வான வழிகளும் கணக்கில் வர வேண்டும். இங்கிருந்து கீசரா அல்லது கட்கேசர் வழியாக 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை எளிதில் அடையலாம் என்பது இப்பகுதியின் பெரும் வசதி. ஊருக்குள் நுழையாமலே பெங்களூர், நாக்பூர், வாரங்கல் சாலைகளைப் பிடித்துவிடலாம்.

படுக்கையும் இருக்கையும்

திட்டத்தின் தொடக்கம் இரவாகவே இருக்க வேண்டும். எத்தனை பேர் உறங்குவர், அவர்களில் இரவில் எழுந்து செல்லும் முதியவர் உண்டா, நாள்தோறும் படுக்கையை விரித்துச் சுருட்டும் பொறுமை குடும்பத்துக்கு இருக்குமா என்னும் மூன்று கேள்விகள் மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் செல்கின்றன. கேரள அரசு 2021-ல் தன் கேரவன் சுற்றுலாக் கொள்கையை வகுத்தபோது, இருவருக்கான ஊர்தி, நால்வர் குடும்பத்துக்கான ஊர்தி என இரு வகையாகப் பிரித்துக்கொண்டது சரியான அணுகுமுறையே. ஏனெனில் இருவருக்கு இடம் தாராளமாக உள்ள அதே வேன் நால்வருக்கு நெருக்கடியாகிவிடும்.

படுக்கையைக் குறுக்காகப் போடுவதா, நெடுக்காகப் போடுவதா என்பதில்தான் திட்டங்கள் பிரிகின்றன. குறுக்குப் படுக்கை நீளத்தில் 1.4 மீட்டரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நெடுக்குப் படுக்கை 1.9 மீட்டரை விழுங்கும். ஆனால் 2.1 மீட்டர் வெளியகலத்தில் சட்டகமும் வெப்பக் காப்பும் உட்பலகையும் போனபின் மிஞ்சுவது 1.8 மீட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், ஐந்தே முக்கால் அடிக்கு மேற்பட்டவர் குறுக்கே கால் நீட்டிப் படுப்பது கடினம். மேலும் குறுக்குப் படுக்கையில் உட்பக்கம் படுத்தவர் இரவில் எழ வேண்டுமானால் அடுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். முதியவர் உள்ள வீட்டுக்கு, நடுவே வழிவிட்டு இருபுறமும் தனித்தனியாக அமையும் நெடுக்குப் படுக்கைகளே ஏற்றவை.

ஓட்டுநர் அறை போக ஏழு மீட்டர் வேனில் கிடைப்பது ஏறத்தாழ நாலரை மீட்டர். அதில் பின்புறக் குறுக்குப் படுக்கைக்கு 1.4, எதிரெதிரே அமையும் சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் 1.1, மேசையைச் சுற்றி இரண்டு வரிசை இருக்கைக்கு 1.8 என ஒதுக்கினால் 4.3 மீட்டர் ஆகிவிடுகிறது. மேசையைத் தாழ்த்தி மெத்தை விரித்தால் அந்த இருக்கைகளே பிள்ளைகளின் படுக்கையாகும். ஓடும்போது யார் எங்கே அமர்வர் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். முன்னோக்கிய, சட்டகத்தோடு போல்ட் செய்யப்பட்ட, பாதுகாப்புப் பட்டை உள்ள இருக்கை ஒவ்வொருவருக்கும் தேவை. பக்கவாட்டு சோபாவில் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுவதை எந்த வசதிக்காகவும் ஏற்க இயலாது.

ஐரோப்பிய வரைபடங்களை அப்படியே எடுத்துக்கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பெருநிலத்தில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால் அங்கே நகர்கதவு வலப்பக்கம் இருக்கும். இந்திய வேன்களில் கதவு இடப்பக்கம். ஆகவே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றிக்கொள்ளாவிட்டால் சமையல் மேடை கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வெப்பம், சமையல், தண்ணீர்

குளிருக்கு அஞ்சி உருவான ஐரோப்பியத் திட்டம் தக்காணத்தில் பிழைக்காது. கோடையில் 40 பாகைக்கு மேல் காயும் ஐதராபாத்தில், மூடிய தகட்டுப் பெட்டி அடுப்பாகவே மாறும். கூரையிலும் பக்கங்களிலும் ஈரம் ஏறாத நுரைத் தாளை இடைவெளியின்றி ஒட்டுவதும், வெள்ளை வண்ணம் பூசுவதும், படுக்கையின் இருபுறமும் எதிரெதிராகக் கொசுவலையிட்ட ஜன்னல் வைப்பதும், கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்துவதும் அலங்காரத்துக்கு முந்திய வேலைகள்.

மின்சாரக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகின்றனர். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 650 வாட் இழுத்தால், எட்டு மணி நேர உறக்கத்துக்கு ஐந்து யூனிட் வேண்டும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் ஒன்றில் அடங்குவது சுமார் 2.5 யூனிட், ஆக ஓர் இரவுக்கே இரண்டு மின்கலங்கள் முற்றிலும் தீர்ந்துவிடும். கூரையில் உள்ள 400 வாட் சோலார் தகடு நல்ல வெயில் நாளில் தருவது ஒன்றரை யூனிட்டை ஒட்டியே. எனவே சோலாரை நம்பி ஏ.சி. ஓட்டுவதைத் திட்டமாகக் கொள்ளாமல், விடுதி வளாகத்திலோ முகாமிலோ 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் இரவில் ஏ.சி., மற்ற இரவுகளில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் எனப் பகுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தாளிப்பின் புகையும் மிளகாய்க் காரலும் மெத்தையில் படிந்தால் எளிதில் போகாது. அதனால் தேநீருக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் உள்ளே சிறு மேடை, குக்கருக்கும் வாணலிக்கும் பின்கதவைத் திறந்ததும் வெளியே இழுக்கும் தட்டு என இரண்டாகப் பிரிப்பது இந்தியச் சமையலுக்கு ஏற்ற தீர்வு. எரிவாயு வைப்பதானால் ஐந்து கிலோ சிலிண்டர் போதும், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால், உட்புறத்தோடு தொடர்பற்று அடைத்த பெட்டியில் அதை நிறுத்தி, கசிவு சாலைப் பக்கம் இறங்கிவிடும்படி அடித்தளத்தில் திறப்பு விட வேண்டும்.

குளியலறைக்கு இடம் ஒதுக்கலாமா என்னும் வாதம் பெண்களும் முதியவர்களும் உள்ள குடும்பத்தில் எழவே வேண்டியதில்லை. நெடுஞ்சாலைக் கழிப்பறைகளின் நிலை அதற்கு விடை சொல்லிவிடும். 90 செ.மீ.க்கு 75 செ.மீ. அறை ஒன்றில் கழிப்பிருக்கையும் கைப்பிடி ஷவரும் அடங்கும். கழிவுத் தொட்டியைத் தனியே கழற்றி எடுத்துச் சென்று எந்தக் கழிப்பறையிலும் கொட்டத்தக்க கேசட் வகையே நம் நாட்டுக்கு உகந்தது, ஏனெனில் குழாய் வழியே கழிவை இறக்கும் நிலையங்கள் இங்கு அரிது. நால்வரும் ஆளுக்கு அரை வாளியில் குளித்து, சமைத்து, கைகழுவினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு லிட்டர் செலவாகும்.

அந்த நூறு லிட்டர் நூறு கிலோவும் ஆகும். பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கடி பிளைவுட் பலகை ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும் என்பதை வீட்டு அலமாரி செய்து பழகிய தச்சர்கள் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர்த் தொட்டி, மின்கலம் போன்ற கனமானவை இரு அச்சுகளுக்கும் நடுவே, தரைமட்டத்துக்கு அருகில், இடவலம் சமமாக அமைய வேண்டும். சமையல் மேடையும் தொட்டியும் ஒரே பக்கம் சேர்ந்தால் வண்டி சாய்ந்தே ஓடும்.

முழு அளவு வரைதல்

தாளில் சரியாகத் தோன்றும் திட்டம் உடம்புக்குச் சரிப்படுமா என்பதை அறிய, மொட்டை மாடித் தரையில் சுண்ணக்கட்டியால் வேனின் உட்பரப்பை முழு அளவில் வரைந்து, அட்டைப் பெட்டிகளை மேடையாகவும் குளிர்பெட்டியாகவும் அடுக்கிப் பார்ப்பது எளிய, செலவற்ற முறை. ஒருவர் மேடை முன் நிற்க, மற்றொருவர் பின்னிருந்து குளியலறைக்குக் கடக்கும்போது தோள் இடிக்கிறதா, குளிர்பெட்டியின் கதவு திறந்ததும் வழி அடைபடுகிறதா என்பன பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். வழியின் அகலம் 50 செ.மீ.க்குக் குறைந்தால் நாள்முழுதும் ஒருவருக்கொருவர் விலகிக்கொண்டேயிருக்க நேரும்.

சட்ட ஏற்பு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. எனவே குஷாயிகுடா, செர்லபள்ளி தொழிற்பேட்டைகளில் திறமையான பற்றவைப்பாளர் கிடைத்தாலும், கரூரைப் போலப் பேருந்து பாடி கட்டுவதில் பெயர்பெற்ற ஊருக்கே வண்டியைக் கொண்டுசென்றாலும், கேரவன் தரச் சான்று பெற்ற பட்டறையா என்பதை உறுதிசெய்து, வரைபடத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே ஜன்னலுக்கும் கூரை விசிறிக்கும் தகட்டை வெட்ட வேண்டும். இருக்கை எண்ணிக்கையும் வண்டியின் வகையும் ஆர்.சி.யில் மாற்றப்படாத நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வேனை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதுமானது.