கரைக்கு ஒரு துறை, கடலுக்கு வேறொன்று: திருவள்ளூர் மாவட்டத்தில் தீயணைப்பும் மீட்பும்

திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு தீயணைப்புத் துறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் திருத்தணியிலும் நிற்கும் சிவப்பு வண்டிகள் தமிழ்நாடு அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குச் சொந்தமானவை. அவற்றின் டீசல் செலவு முதல் வீரர்களின் சம்பளம் வரை சென்னைத் தலைமைச் செயலகம் வழியாகவே வருகிறது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தாலோ பொறுப்பு மீன்வளத் துறை, மாநிலக் காவல்துறையின் கடலோரப் பிரிவு, இந்தியக் கடலோரக் காவல் படை, துறைமுக நிர்வாகம் என்று நாலைந்து கைகளுக்குப் பிரிந்துவிடும். மாவட்டம் 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. இந்த ஏற்பாடு அதற்கு வெகுகாலம் முன்பே வேர்விட்டது.

அந்த வேர் சென்னை நகரத்தில் இருக்கிறது. 1886 டிசம்பர் 31 அன்று சென்னை பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் கீற்றுப் பந்தல்கள் பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அப்படியும் முறையான தீயணைப்புப் படை நகரத்துக்கு வாய்த்தது 1908-இல்தான். ஆறே ஆண்டுகளில் பெரிய சோதனை வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. கடலிலிருந்து வரும் ஆபத்து கரையில் தீயாக மாறும் என்பதைச் சென்னை கண்டது அன்றுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து நகரமே காலியானபோது தீயணைப்பு மாகாண அரசின் கவலையானது. நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாக அனுசரிக்கப்படுவதும் ஒரு துறைமுக விபத்தால்தான். 1944-இல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி வந்த ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிரிழந்தார்கள்.

நகரத்துக்கு வெளியே நிலைமை வேறு. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் கூரை வீடுகள் நெருங்கி நின்ற தெருக்களில் கோடையில் தீ என்றால் ஊரே ஓடிவரும். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கைமாறும். அடுத்த வீட்டுக்குப் பரவாமலிருக்க அந்தக் கூரையைப் பிய்த்துப் போடுவார்கள். சாலையும் தொலைபேசியும் இல்லாத ஊருக்கு வண்டி வந்து சேரும்போது சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். எனவே வட்டத் தலைமையிடம்தோறும் ஒரு நிலையம் என்பதே நெடுங்காலம் அரசின் இலக்காக இருந்தது. அளவுகோல் மக்கள்தொகையும் தூரமும்தான். அந்த வட்டத்தில் என்ன எரியக்கூடும் என்பது கணக்கில் சேரவில்லை.

நகரத்தில் இருந்த ஏற்பாட்டுக்கு மாநிலம் தழுவிய சட்ட வடிவம் தந்தது 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம். அதற்கான விதிகள் 1990-இல் வந்தன. இதன்படி துறை, உள்துறையின் கீழ் ஒரு இயக்குநரின் பொறுப்பில் இயங்குகிறது. மூத்த இந்தியக் காவல் பணி அதிகாரி ஒருவரை அந்தப் பதவியில் அமர்த்துவது வழக்கம். அவருக்குக் கீழே மண்டல அதிகாரிகள், மாவட்ட அலுவலர், நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர் என்று அடுக்கு இறங்குகிறது. காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே தீயணைப்போரையும் தேர்ந்தெடுக்கிறது. நிலையக் கட்டடங்களைக் கட்டித் தருவதும் காவலர் வீட்டுவசதிக் கழகம்தான். ஆக, சட்டத்தில் தனித்துறையாக இருந்தாலும் ஆளும் கட்டடமும் காவல்துறையின் வாசல் வழியாகவே வருகின்றன.

பணத்தின் வழியும் அதே போலத்தான். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை எண் 21-இல் தீயணைப்பு, அதை அடுத்து 22-இல் காவல். 2021-22 திருத்த வரவுசெலவுத் திட்டத்தில் காவல்துறைக்குச் சுமார் 8,930 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டபோது தீயணைப்புக்குக் கிடைத்தது சுமார் 405 கோடி. மறு ஆண்டு அது 496 கோடியாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளிலும் தீயணைப்பின் பங்கு, காவல்துறைக்குக் கிடைத்ததில் இருபதில் ஒன்றுக்கும் குறைவு. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்த்தது. மும்பையில் மாநகராட்சியே படையை நடத்துகிறது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. சிறிய நகராட்சிகளின் வருமானத்தைப் பார்த்தால் அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே எந்த வண்டி வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அதற்கான பையும் மாவட்டத்தில் இல்லாமல் போனது இதன் மறுபக்கம்.

இந்தக் குறை உறுத்தத் தொடங்கியது தொழிற்சாலைகள் வந்த பிறகு. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவானது. பின்னர் அது கும்மிடிப்பூண்டியில் அமைத்த தொழிற்பேட்டை, சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பக்கத்தில் இருந்ததால் வேகமாக நிரம்பியது. இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகள் என்று வகைவகையாக வந்தன. அதன் பிறகு தேர்வாய்கண்டிகையில் இரண்டாவது தொழிற்பூங்கா; மிஷெலின் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆலைகளின் தீ குடிசைத் தீயைப் போன்றதல்ல. தூண்டல் உலையில் போடும் பழைய இரும்போடு ஈரமோ மூடிய உருளையோ சேர்ந்து விழுந்தால், தண்ணீர் நொடியில் சுமார் 1,600 மடங்கு பருமனுள்ள நீராவியாகி, உருகிய இரும்பை ஆட்கள் மேல் வாரியிறைக்கும். அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயைத் திருப்புவது ஆபத்தைக் கூட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீரை அடித்தால் எண்ணெய் மிதந்து பரவும். நுரைக்கலவையால் மூடிக் காற்றை அடைக்க வேண்டும். டயர்க் குவியல் மேலே அணைந்தும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கிணறு வறண்ட கோடையில் இத்தனைக்கும் லாரித் தண்ணீரை நம்பியிருக்க வேண்டும். வட்டத்துக்கு ஒரு வண்டி என்ற பழைய அளவுகோல் இங்கே செல்லாக்காசு. சிப்காட் வளாகத்துக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் தனி நிலையங்கள் அமைந்தது இதனால்தான்.

கண்காணிப்பு முறையை மாற்றியது 1984 டிசம்பரில் நடந்த போபால் விஷவாயு விபத்து. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான ஆலைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. 1989-இல் வந்த அபாய ரசாயன விதிகள் வேலையை இரண்டாகப் பிரித்தன. வேலிக்கு உள்ளே நடப்பதற்கான அவசரத் திட்டம் ஆலை உரிமையாளரின் பொறுப்பு. வேலிக்கு வெளியே ஊரைக் காப்பதற்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1996-ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட நெருக்கடிக் குழு, உள்ளூர் நெருக்கடிக் குழு என்ற அமைப்புகளைக் கொண்டுவந்தன. ஆலைக்குள் சோதனை செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தீ உரிமமும் தடையில்லாச் சான்றும் தருவது தீயணைப்புத் துறை. புகைக்கும் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் ஆட்சியர் ஒருவர்தான். அழைக்கலாம், வண்டி வாங்கித் தர அவரிடம் தனி நிதி கிடையாது.

கடலின் கதை இன்னும் சிதறலானது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை நீளும் கரையில் கடலில் தத்தளிப்பவரைத் தூக்குவது காலங்காலமாக மீனவர் வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, சட்டமும் இல்லை. அரசின் கைகள் ஒவ்வொன்றாகத்தான் நீண்டன. அவற்றில் பலவும் பாதுகாப்புக் கவலையால் நீண்டவை. 1978-ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்ற இந்தியக் கடலோரக் காவல் படை நடுக்கடல் தேடுதலையும் மீட்பையும் ஏற்றது. அதற்கான செலவு மத்திய பாதுகாப்பு அமைச்சகத்துடையது. தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இல் தொடங்கியது இலங்கைப் போரின் நிழலில், கடத்தலையும் ஊடுருவலையும் தடுக்க. 2005-க்குப் பிறகு மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் படகும் நிலையமும் கொடுத்தது. ரோந்துப் படகு மீட்புக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் அதன் முதல் வேலை அதுவல்ல.

2004 டிசம்பர் 26 சுனாமி பழவேற்காட்டுக் கரையையும் தொட்டது. நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் இங்கே இழப்பு குறைவு. அந்தச் சுனாமியின் விளைவாக 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், அதையொட்டித் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. அப்படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில், திருவள்ளூருக்கு மிக அருகில் அமைந்தது இம்மாவட்டத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

எனினும் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினார்கள். படகில் அளவுக்கு மீறிய ஆட்கள். உயிர்காப்பு உடை யாரிடமும் இல்லை. உதவிக்கு முதலில் போனவர்கள் அக்கம்பக்கத்து மீனவர்களே. சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. நிரந்தர மீட்பு நிலையம் வரவில்லை. தடைக்குச் செலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிப் படகுகள் புரளும் பழைய பிரச்சினைக்கு 26 கோடியே 85 லட்சம் ரூபாயில் கல் சுவர் எழுப்பும் திட்டம் பின்னர் வந்தது. அது மீன்வளத் துறையின் கணக்கு.

துறைமுகங்கள் இன்னொரு உலகம். அனல்மின் நிலக்கரிக்காக 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் பின்னர் எண்ணெய், எரிவாயு என்று விரிந்து, 2014-இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாறியது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். தங்கள் எல்லைக்குள் தீயை அணைக்கும் பொறுப்பும் செலவும் துறைமுகங்களுடையவை. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்று முதலில் அறிவித்தார்கள். இரண்டொரு நாளில் கரை கறுத்தது. கடலோரக் காவல் படையோடு மீனவர்களும் மாணவர்களும் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. கோடிக்கணக்கில் சரக்கு கையாளும் கரையில் கசிந்த எண்ணெயை அள்ளத் தக்க கருவி போதவில்லை.

எல்லைக் கோடுகளும் குழப்பத்தைக் கூட்டின. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவடைந்தபோது திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரும் அதோடு சேர்ந்தன. காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் திருவள்ளூரிலேயே நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறங்கியபோது, அது எந்த மாவட்டத்து எண்ணெய் என்று ஆற்றுக்குத் தெரியாது.

மாவட்டத்தின் ரயில் பாதைகளில் நடந்த இரு விபத்துகள் இதே அமைப்பின் நல்ல முகத்தையும் காட்டின. 2024 அக்டோபர் 11 இரவு மைசூர்-தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிப் பெட்டிகள் புரண்டு தீப்பிடித்தன, ஒருவரும் சாகவில்லை. 2025 ஜூலை 13 விடியலில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு 18 டேங்கர் பெட்டிகள் எரிந்தன. பல நிலையங்களிலிருந்து வண்டிகளும் நுரைக்கலவையும் வரவழைத்து, அருகில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, எஞ்சிய பெட்டிகளைக் கழற்றி நகர்த்திய பின் தீ அடங்கியது. மாநிலத் துறை என்பதால்தான் மாவட்ட எல்லை பார்க்காமல் வண்டிகளைத் திரட்ட முடிந்தது. சிறு நகராட்சிப் படைகள் தனித்தனியே இருந்திருந்தால் அந்த வேகம் கடினம்.

வேறு நாடுகளில் இதற்கு மாறான வழி உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் கடற்கரை உயிர்காப்பாளர்கள் 1994 முதல் கவுண்டித் தீயணைப்புத் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அத்துறையின் செலவில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரி. கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஆண்டுதோறும் பொதுக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் பேசி முடிக்கிறார்கள். திருவள்ளூரில் அப்படிப் பேசும் அவை எதுவுமில்லை.

15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு 2023 ஜூலையில் மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் திட்டச் செலவில் 25 விழுக்காட்டைத் தாமே போட வேண்டும். அந்தப் பணம் நிலையத்துக்கும் வண்டிக்கும் கருவிக்கும் பயிற்சிக்குமானது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கவிழும் படகை நோக்கி முதலில் போகிற ஃபைபர் படகு இன்றும் ஏதோ ஒரு மீனவருடையது. அதன் டீசல் எந்த மானியக் கோரிக்கையிலும் இல்லை.