குளம்பும் சக்கரமும்: காளஹஸ்திச் சேற்றில் ஒரு டயர் வரலாறு

தேவார மூவரும் பாடிய காளஹஸ்தி, பொன்முகலி ஆற்றுக்கும் மலைக்கும் இடையில் அமைந்த ஊர். ஆற்றின் இன்றைய தெலுங்குப் பெயர் ஸ்வர்ணமுகி. சில கல் தொலைவுக்குள் இங்கே நிலம் மூன்று முறை மாறிவிடுகிறது: ஆற்றுமணல், ஏரிப்பாசன வயல்களின் களி, மலையடிப் பாறை. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மலைச் சைக்கிளோடு புறப்படும் ஒருவர் இம்மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் கடக்க நேரிடும். சேற்றுக்கு எந்த டயர் என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருபவை. ஆனால், கேள்வி இந்நிலத்துக்குப் புதியதன்று.

புறநானூற்றின் 90ஆம் பாட்டில் ஔவையார் அதியமானைப் புகழும்போது, அச்சு தரையில் முட்டும் அளவுக்குப் புதைந்துபோன பண்டவண்டி ஒன்று வருகிறது. 102ஆம் பாட்டின் உப்பு வணிகர், பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழிக்கு அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கின்றனர். இவ்விரு பாடல்களையும் போக்குவரத்து வரலாற்றின் சான்றுகளாகப் படிக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. வண்டி புதைந்த இடத்தில் புலவர் பாராட்டுவது சக்கரத்தை அன்று. மணலைப் பரப்பி, கல் பிளக்க நடக்கும் பகட்டை. சேற்றில் பிடிமானம் என்பது குளம்பின் வேலை, சக்கரத்தின் வேலை உருள்வது மட்டும் என்ற பிரிவினை அப்போதே புலப்பட்டிருக்கிறது.

கட்டை வண்டியின் அமைப்பு இப்பிரிவினையை அப்படியே பின்பற்றியது. குடம், ஆரக்கால், வட்டை, வட்டையின் மேல் இறுக்கிய இரும்புப் பட்டை. பட்டை குறுகலாகவும் வழவழப்பாகவும் இருந்தது. இழுக்கப்படும் சக்கரத்துக்குப் பற்கள் தேவையில்லை. குறுகிய பட்டை இளகிய மேல்மண்ணைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டது, உயரமான சக்கரம் அந்த ஆழத்தைத் தாங்கியது. சாலையை அமைப்போருக்கு அதே பட்டை பகையாயிற்று. இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1753இல் சுங்கச் சாலைகளின் பாரவண்டிகளுக்கு 9 அங்குல அகலச் சக்கரத்தை வற்புறுத்தியது இந்தக் காரணத்தால்தான். வயலுக்கு உகந்த சக்கரம் சாலைக்கு உகந்ததன்று என்னும் பூசல் அன்று முதல் இன்றுவரை தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வந்த டயர் வண்டி சாலையின் பக்கம் சாய்ந்த தீர்வு. தேய்ந்த பழைய டயர்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. பிடிமானத்துக்கு அப்போதும் குளம்பு இருந்தது.

சைக்கிளில் எருது இல்லை. அதன் பின்சக்கரம் உருளவும் வேண்டும், மண்ணைப் பற்றி உந்தவும் வேண்டும். ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயரை உருவாக்கியபோது அவர் முன்னிருந்த குறை கல்பாவிய தெருவின் அதிர்வு, சேறன்று. நல்ல சாலையில் டயரே இல்லாமலும் ஓட்டலாம் என்பதை, 1941 டிசம்பரில் தொடங்கிய மலாயாப் படையெடுப்பில் டயர் கிழிந்த பின்னும் வெறும் வளையத்தின் மேல் ஓட்டிச் சென்ற ஜப்பானிய வீரர்கள் காட்டினர். தமிழ்த் தொழிலாளர் பால்வடித்த ரப்பர்த் தோட்டங்களின் ஊடே அது நிகழ்ந்தது என்பது வரலாற்றின் கசப்பான விளையாட்டு. கலிஃபோர்னியாவின் மாரின் மலைச்சரிவில் 1976இல் ரீபேக் பந்தயம் தொடங்கி, 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்னும் மலைச் சைக்கிள் சந்தைக்கு வந்த காலத்தில்தான், வழக்கில் பட்டன் டயர் எனப்படும் புடைப்பு டயர் இவ்வகைச் சைக்கிளின் அடையாளமாயிற்று. அந்தப் புடைப்புகளை ரப்பரில் வார்த்த குளம்பு எனலாம்.

புடைப்புகளின் உயரத்தைவிட அவற்றுக்கு இடையிலுள்ள வெளியே முக்கியம். நெருங்கிய புடைப்புகளில் களி அப்பிக்கொண்டால், சிறிது நேரத்தில் டயர் வழவழப்பான மண்ணுருளையாகிவிடும். இதை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு நூல் எதுவும் வேண்டா, நாற்று நடவுக்கு முன் சேறடிக்கும் டிராக்டரின் கேஜ்வீலைப் பார்த்தால் போதும். இரும்புச் சட்டங்களுக்கு இடையில் வெற்றிடமே மிகுதி. சேறு அதன் வழியே விழுந்துவிடுகிறது. குளம்பு பிளவுபட்டிருப்பதன் பயனும் இதற்கு நெருங்கியது: ஊன்றும்போது விரிந்து, எடுக்கும்போது ஒடுங்கி, சேற்றின் உறிஞ்சலை விடுவிக்கும்.

அடுத்தது அகலம். களிக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் 1.8 முதல் 2.0 அங்குல டயர் கட்டை வண்டிப் பட்டையைப் போல் கிழித்து இறங்கும். சட்டத்துக்கும் டயருக்கும் இடையில் மண் அடைத்துச் சக்கரம் நின்றுபோவதும் குறையும். சைக்கிள் ஓட்டியின் கால் வலுவைக் குறைகூறும் முன் இந்த இடைவெளியைப் பார்ப்பது நியாயம். அடித்தரையே இல்லாத பொன்முகலி மணலில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே மிதக்க வேண்டும், 2.3 அங்குலமும் குறைந்த காற்றும் வேண்டும். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று கொண்டால், 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 38 சதுர செ.மீ.; 20 பிஎஸ்ஐ என்றால் 57. டயரை மாற்றாமலே பரப்பு ஒன்றரை மடங்காகிறது. டியூப் இல்லாத டயர் பெற்ற மதிப்புக்கு இதுவே காரணம். காற்றைக் குறைத்தால் கல்லுக்கும் வளையத்துக்கும் இடையில் டியூப் நசுங்கும் என்ற அச்சம் அதில் இல்லை.

ஈரப்பாறைக்கு மேற்கண்ட எதுவும் பொருந்தாது. உயர்ந்து விலகிநிற்கும் புடைப்புகள் பாறையில் வளைந்து வழுக்கும். அங்கே உதவுவது மென்மையான ரப்பர். முன்சக்கரம் உந்துவதில்லை, திசையைக் காப்பது அதன் வேலை. ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயரை மாட்டும் வழக்கம் கடைக்காரரின் வசதியேயன்றி மண்ணின் தேவையன்று. காளஹஸ்தி வட்டாரத்துக்கு முன்னே மென்ரப்பரில் 2.3, பின்னே வெளிவிட்ட புடைப்புகளுடன் 2.0 என்பதே ஏற்புடையது. பின் டயர் ஆற்றுமணலில் சற்றுப் புதையும்; அங்கே இறங்கித் தள்ளலாம். களியில் அடைத்துக்கொண்ட சக்கரத்தைத் தள்ளவும் இயலாது.

கேஜ்வீலோடு தார்ச்சாலையில் ஏறும் டிராக்டர் சாலையைக் கொத்திவிடுகிறது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும், வயலுக்கு வேறு வழி ஏது என்று உழவர் கேட்பதும் நடவுக்காலந்தோறும் நிகழ்வன. சேற்றுடயர் பூட்டிய சைக்கிள் சாலைக்குத் தீங்கு செய்வதில்லை. தாரில் தேய்வது அதன் புடைப்புகள்தாம். ஊரிலிருந்து மலையடி வரை தாரில் மிதித்துச் செல்பவருக்கு அந்தத் தேய்மானமே செலவு. சேற்றுடயரை மழை மாதங்களுக்கு மட்டும் மாட்டி, தை பிறந்ததும் கழற்றி வைப்பவர் உண்டு.