ஈர மணல் வழி

எங்கள் ஆச்சி உடன்குடிக்காரி. செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் அவள் தங்கை வீடு. இரவு அங்கே தங்கிவிட்டு, கிழக்கு வெளுக்கும் முன்பே கடற்கரைக்கு இறங்குவோம். நான் உலர்ந்த மணலில் ஓடினால் அதட்டுவாள்: “காஞ்ச மணல்ல நடந்தா ஒரு மைலு மூணு மைலாயிரும்லே. ஈரத்துல கால வை.” அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணல் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடக்கும். கால் புதையாது. இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் பனங்காடு, எதிரே தொலைவில் கடலுக்குள் மூக்கை நீட்டிய மணப்பாட்டு மேடு. ஏழு வயதுப் பையனும் சிணுங்காமல் நடந்துவிடக்கூடிய தூரம்தான்.

அது ஆச்சி கண்டுபிடித்த குறுக்குவழி என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது, முத்துக்குளித்துறை முழுவதற்கும் ஒரு காலத்தில் அதுதான் நெடுஞ்சாலை. புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, குலசை, மணப்பாடு என ஊர்கள் கோர்த்த மணிபோலக் கடலோரத்தில் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனால் தேரி மணல். கால் வைத்தால் கணுக்கால்வரை இழுக்கும். காற்று ஒத்துவந்தால் தோணி, ஒத்துவராவிட்டால் ஈர மணல்.

இந்த வழியில் நடந்தவர்களில் எழுத்தில் தடம் விட்டுப்போனவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் அவர் இந்தக் கரைக்கு வந்தார். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புதான், முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டைகளுக்கிடையே போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அதை அவரே தம் கடிதத்தில் சொல்கிறார். 1544இல் தம் தோழர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கரையே கண்முன் விரியும். ஒன்று மணப்பாட்டிலிருந்து, அடுத்தது புன்னைக்காயலிலிருந்து, இன்னொன்று ஆலந்தலையிலிருந்து. மனிதர் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

அந்த ஆண்டு ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. சனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. தண்டு வலித்தும் தோணிகள் முன்னேறவில்லை. திரும்பி வந்தவர், பிறகு தரைவழியாகவே குமரிமுனைக்குப் போனார். அவருடைய அற்புதங்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் கதைகள் ஏராளம். எனக்கு அவையெல்லாவற்றையும்விட இந்த நடை பெரிது.

மணப்பாட்டு மேட்டை மலை என்றுதான் சொல்வோம். தொட்டுப் பார்த்தால் அது இறுகிய மணல். காற்று குவித்த மணலில் சிப்பித் தூளின் சுண்ணாம்பு கலந்து, காலப்போக்கில் கல்லாகிவிட்டது. திருச்செந்தூரில் வள்ளி குகை குடையப்பட்டிருக்கும் பாறையும் அப்படிப்பட்டதுதான். மணப்பாட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறு குகை இருக்கிறது. சவேரியார் தங்கிய இடம் என்கிறார்கள். உள்ளே ஒரு கிணறு. அலை அறையும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் முழுகியவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆச்சி இரண்டு தண்ணீரையும் ஒரே பயபக்தியோடு தலையில் தெளித்துக்கொள்வாள். முருகனுக்கு விரதம் இருந்தவள், சிலுவைநாதருக்கு மெழுகுவத்தி ஏற்றியவள். அவள் மனதில் இரண்டும் ஒரே கரை.

மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581இல் எழுந்தது. அதற்கு முன்பே அங்கே ஒரு சிலுவை நின்றது. புயலில் பாய்மரம் முறிந்த போர்த்துகீசியக் கப்பலின் தலைவர், உயிர் பிழைத்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டார் என்பது ஊர் வழக்கு. ஆலய முற்றத்தில் நின்று பார்த்தால் கருமேனியாற்றின் கழிமுகமும், ஓய்வெடுக்கும் வள்ளங்களும், கூரை நெருங்கிய ஊரும் தெரியும்.

குலசைக்கும் தனிக் கதை உண்டு. இன்று தசராவுக்கு வேடம் கட்டி வரும் கூட்டத்தால்தான் அந்த ஊரைத் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் பாரி கம்பெனி அங்கே பனைவெல்லத்தைச் சுத்திகரிக்கும் ஆலை வைத்திருந்தது. அதற்காகவே திசையன்விளைவரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடி, 1940இல் நின்றது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட காசிராஜனும் ராஜகோபாலனும் பின்னர் தூக்கிலிருந்து தப்பி விடுதலையானார்கள். இதையெல்லாம் சொல்ல அந்தக் கடற்கரையில் ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

போன தை மாதம் மறுபடி நடந்தேன். முழங்கால் முன்போல இல்லை. ஆனாலும் ஈர மணல் தாங்கியது. கழிமுகம் திறந்திருக்கிறதா என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். “தொறந்து கெடக்கு அண்ணாச்சி, ஊரச் சுத்திப் போங்க” என்றார். நீங்கள் போனாலும் இதைக் கேட்டுக்கொண்டே போங்கள். ஆற்று வாயை ஆழம் தெரியாமல் கடக்கக் கூடாது.

குலசைப் பக்கம் இப்போது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேரே தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு அதில் எரிபொருள் மிச்சம். எங்கள் ஊர்ப் பெயர் விண்வெளிவரை போவதில் எனக்கும் பெருமைதான். ஏவும் நாட்களில் கரையை மூடட்டும். மற்ற நாட்களில் மீனவர்களும் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களும் காலங்காலமாகப் போய்வந்த இந்த ஈர மணல் வழியை வேலி போட்டு அடைத்துவிட வேண்டாம் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.