வீடு தேடி வரவேண்டிய மருத்துவம்

சித்தூரிலும் திருப்பதியிலும் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, வாயிற்படியில் நின்று வரவேற்பவர் பெரும்பாலும் வயது முதிர்ந்த தாய் தந்தையரே. நூறாண்டுகளுக்கு முன் அம்மண்ணில் பொதுச் சுகாதாரத்தின் பெருங்கவலை முதுமை அன்று. இளமையில் நேரும் மரணமே.

சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு, அன்றைய சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1915இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் காசநோய் மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. டென்மார்க் நாட்டினரான கிறிஸ்டியன் பிரிமொட்-மொல்லர் அதன் முதல் தலைமை மருத்துவர். அந்நோய்க்கு மருந்து காணாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சை. நோயாளி உற்றாரைப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கே தங்கவேண்டும். இந்தியாவில் பி.ஸி.ஜி. தடுப்பூசி இயக்கம் 1948இல் தொடங்கியதும் மதனப்பள்ளியிலேதான்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்தது. முறையாக மருந்து உட்கொண்டால் ஏழையின் குடிசையிலும் நோய் ஏறக்குறைய அதே அளவில் குணமாகும் என்பதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மருந்து வேளை தவறாது உட்கொள்ளப்படுகிறதா என்று யாரேனும் வீடு தேடிச் சென்று பார்க்கவேண்டும்.

இத்தகைய முயற்சிகளால் மரணம் குறைந்தது, ஜனத்தொகை பெருகிற்று. 1981இல் சுமார் 27 இலட்சமாயிருந்த சித்தூர் மாவட்ட மக்கள், 2011இல் 41 இலட்சத்தைக் கடந்தனர். ஆயினும் பெருக்கத்தின் வேகம் தளர்ந்தது. 1981க்கும் 1991க்கும் இடையே நூற்றுக்குப் பத்தொன்பதாயிருந்த வளர்ச்சி, 2001க்கும் 2011க்கும் இடையே பதினொன்றாயிற்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 குழந்தைகளே; ஜனத்தொகை குன்றாதிருக்க 2.1 வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளோர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று 1994இல் விதித்த ஆந்திரம், 2024இல் அவ்விதியை நீக்கிற்று. நீக்கிய அரசின் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, சந்திரகிரியை அடுத்த நாராவாரிப்பள்ளியில் பிறந்தவர்.

மக்களைச் சாகாமற் காத்தோம். அவர்தம் முதுமையைக் காக்கும் கடமை இப்போது நம்முன் நிற்கிறது. திருப்பதியில் 1993 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வர மருத்துவ விஞ்ஞானக் கழகம் பணியாற்றி வருகிறது. பெருநோய்க்கு அத்தகைய பெருமருத்துவமனை வேண்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்புமோ ஆயுள் முழுதும் நாள்தோறும் மருந்து கேட்பவை. தனித்து வாழும் மூதாட்டி பாகாலையிலிருந்தோ புத்தூரிலிருந்தோ மாதந்தோறும் திருப்பதிக்குப் பேருந்தேறிச் செல்லுதல் எளிதன்று.

காசநோய்க்குச் சென்னை கண்ட வழியே முதுமைக்கும் ஏற்றது. மருத்துவம் வீடு தேடி வரவேண்டும். கிராமச் சுகாதாரப் பணியாளர் வாயிற்கதவைத் தட்டவேண்டும். நாம் அனுப்பும் பணம் மருந்தை வாங்கித் தரும். வேளை தவறாமல் அது உட்கொள்ளப்பட்டதா என்று விசாரிக்க ஒரு மனிதர் வேண்டும். அவர் அரசின் பணியாளராகவும் இருக்கலாம். அடுத்த வீட்டாராகவும் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, நம் பெற்றோருக்கு அத்தகைய ஒருவர் உண்டா என்பதை முதலில் அறிந்து வருவோமாக.