பயணியின் கைப்பணம்

இஹ்ராம் பூண்ட ஆடவர் தைத்த ஆடை உடுத்தலாகாது. ஆயினும் அவர் தம் இடுப்பில் 'ஹிம்யான்' கட்டிக்கொள்வதற்குத் தடையில்லை என்று இமாம்களுள் பெரும்பாலோர் தீர்ப்பளித்துள்ளனர். ஹிம்யான் என்பது வழிச்செலவுக்கான பணத்தை இட்டுக் கட்டும் இடைவார். இது குறித்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, செலவுப் பணத்தைப் பத்திரப்படுத்திக் கொள்ளுமாறு அவர்கள் விடையிறுத்ததாக அறிவிப்பு உண்டு. வணக்கத்திற்குரிய கோலத்திலும் பயணியின் பணத்துக்கு இடம் விட்ட மார்க்கம் நம்முடையது.

ஆனால், வழிப்பறிக் கள்வனுக்கும் பொங்கும் கடலுக்கும் இடைவார் ஒரு தடையாகுமா? ஆகவே, பணத்தை ஓர் ஊரில் கொடுத்துவிட்டு, ஒரு கடிதத்தின் பேரில் மற்றோர் ஊரில் அதனைப் பெற்றுக்கொள்ளும் முறை எழுந்தது. பாரசீகத்திலிருந்து அரபியில் வந்து கலந்த 'ஸுஃப்தஜா' என்னும் சொல் அதற்குப் பெயராயிற்று. நம் நாட்டு வணிகர்கள் உண்டியல் என்று வழங்கியதும் இதன் உறவே.

மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். மக்கள் அங்கே சென்று தம் பணத்தைப் பெற்றுக்கொள்வர். இதைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவர்கள் இதில் குற்றம் காணவில்லை. இச்செய்தியை இப்னு குதாமா தம் 'அல்முக்னீ'யில் எடுத்தாள்கிறார்.

எல்லோரும் இதனை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வின் ஹவாலாப் பாடத்தின் இறுதியில் ஸுஃப்தஜா வெறுக்கத்தக்கது என்று காண்கிறோம். காரணம் நுட்பமானது. கடன் கொடுத்தவன் வழியின் ஆபத்திலிருந்து தப்புகிறான். அந்தத் தப்புதல் அவனுக்கு ஓர் ஆதாயம். கடனால் ஆதாயம் ஈட்டலாகாது. ஷாஃபிஈ மத்ஹபினரும் இதனை நிபந்தனையாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடுத்தனர். இப்னு குதாமாவோ, இருவருக்கும் நன்மையும் எவருக்கும் தீங்கின்மையும் இருப்பதால் இது ஆகும் என்றார். மாணவப் பருவத்தில் இந்த வாதத்தைப் படித்தபோது, ஒரு காசும் கைமாறாத இடத்தில் வட்டியின் நிழலைத் தேடுகிறார்களே என்று நான் வியந்ததுண்டு. அந்தத் தேடலின் அருமை பின்னரே விளங்கிற்று.

நாஸிர் குஸ்ரவின் பயண நூலைப் படிப்போர்க்கு ஸுஃப்தஜாவின் உயிர் எதுவென்று புலனாகும். அவர் இஸ்மாயீலிக் கொள்கையினர். எனினும் கண்டதைக் கண்டபடி எழுதியவர். கி.பி. 1050இல் செங்கடற்கரையிலுள்ள ஐதாப் துறையில், ஜித்தாவுக்குக் கப்பலை எதிர்நோக்கி மூன்று திங்கள் தங்க நேர்ந்தது. கைப்பணம் கரைந்தது. அஸ்வானில் நட்புக் கொண்ட ஒருவர், ஐதாபிலுள்ள தம் முகவருக்கு, இவர் கேட்பதைக் கொடுத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்க என்று எழுதிக் கொடுத்திருந்தார். அக்கடிதத்தின் பேரில் நூறு மன் மாவு கிடைத்தது. சீட்டு அஸ்வானுக்குப் போயிற்று. இன்னும் எவ்வளவு கேட்டாலும் கொடுங்கள் என்று மறுமொழியும் வந்து சேர்ந்தது. கட்டணம் என்ற பேச்சே அங்கில்லை.

அதே மனிதர் ஹஜ்ஜை முடித்துப் பாலைவழியே 1051இன் இறுதியில் பஸராவை அடைந்தபோது அவரை அறிந்தவர் எவருமிலர். கந்தலும் சிக்குத் தலையுமாக வந்த அவர், நூல்கள் வைத்திருந்த சிறு பையை விற்றுச் சில திர்ஹம்களைக் குளியல் கூடத்தானிடம் நீட்டினார். அவனோ பித்தரென எண்ணி விரட்டினான். வியப்பென்னவெனில், அந்தப் பஸராவின் சந்தையில்தான் மக்கள் தம் பணத்தை ஸர்ராஃபிடம் ஒப்படைத்து, வாங்கும் பொருளுக்கெல்லாம் அவர் மீது சீட்டெழுதிக் கொடுத்து வந்தனர். நாணயம் கைமாறுவதில்லை என்று அவரே எழுதுகிறார். தம் வைப்பிலிருந்தே செலவிடும் இன்றைய டெபிட் கார்டின் மூதாதை அந்தச் சீட்டு. ஆனால் ஸர்ராஃபிடம் பெயரில்லாதவனுக்கு அவ்வூரில் வெந்நீரும் இல்லை.

நம் காலத்துக்கு அருகே வருவோம். சவூதி நாணய நிறுவனம் 1953இல் 'ஹாஜிகள் ரசீது' என்று பத்து ரியால் தாள்களை வெளியிட்டது. வெள்ளி ரியால்களின் சுமையிலிருந்து ஹாஜிகளை விடுவிக்கவே அது பிறந்தது. பின்னர் அந்நாட்டின் காகிதப் பணத்துக்கே வழிகோலிற்று. இந்திய ரிசர்வ் வங்கியும் 1959இல் ஹாஜிகளுக்கெனப் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களைத் தனியே அச்சிட்டது. தாளின் எண்ணுக்கு முன்னே 'எச்.ஏ.' என்னும் எழுத்துகள் இருக்கும். எழுபதுகளில் அவை வழக்கொழிந்தன.

இன்றைய ஹாஜியின் கையில் இருப்பது அட்டை. மக்காவின் ஏ.டி.எம். இயந்திரத்தில் அதனைச் செலுத்தினால், "ரியாலில் கணக்கிடவா, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்பதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவின்போது, பழகிய ரூபாய்க் கணக்கே தெளிவென்று எண்ணி நான் அதனையே தொட்டேன். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை இயந்திரத்தின் பக்கத்தார் நிர்ணயிக்கின்றனர். அதனுள் அவர்களின் ஆதாயமும் அடங்கியிருக்கும். ரியாலைத் தேர்ந்தால் அட்டை நிறுவனத்தின் விகிதம் வரும். அது பெரும்பாலும் மலிவு. ஊர் திரும்பிக் கணக்கேட்டைப் பார்த்த பின்னரே என் நட்டம் தெரிந்தது. கேட்ட கேள்வி நேர்மையானதுதான். ஆதாயம் எவருக்கு என்பதை மட்டும் அது உரக்கச் சொல்லவில்லை.

இதற்கு மேல் நம் வங்கியின் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் ஒரு நிலைத்தொகை. நாணய மாற்றுக்கெனத் தனியே விழுக்காடு. பல இந்திய வங்கிகளில் அது 3.5 விழுக்காடு வரை செல்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்கு எழுநூறு ரூபாய் என்றால் ஏழைக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. ஐந்து முறை சிறிது சிறிதாக எடுப்பவர் நிலைத்தொகையை ஐந்து முறை இழக்கிறார்; ஒரே முறை எடுப்பவருக்கு அது ஒன்றோடு போகும். விழுக்காட்டை அப்படித் தவிர்க்க இயலாது. ஆதலால் புறப்படுமுன்பே அதனை வங்கியில் கேட்டறிய வேண்டும்.

கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பது வேறு செய்தி. அது நம் பணமன்று, கடன். எடுத்த நாள் முதலே அதற்கு வட்டி ஏறுவது வழக்கம். 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதனை ஆராய்ந்தது. தொகையோடும் காலத்தோடும் பிணையாத நிலையான சேவைக் கட்டணம் ஆகும் என்றும், உண்மையான சேவைக்கு மேற்பட்டதெல்லாம் வட்டியென்றும் முடிவு செய்தது. ஹிதாயாவின் ஆசிரியர் எழுப்பிய ஐயம் எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதே இடத்தில் நிற்பதைப் பாருங்கள்!

மற்றொன்று. 2020 அக்டோபரிலிருந்து, புதிதாக வழங்கப்படும் இந்திய அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டில் செல்லும்படி அட்டைக்குரியவரே வங்கியிடம் சொல்லித் திறந்துகொள்ள வேண்டும். ஜித்தாவில் இறங்கிய பின் இதனை அறிவதைவிட, இஹ்ராம் துணி வாங்கும் நாளிலேயே செய்துவிடலாம். வேறொரு வங்கியின் அட்டை ஒன்றைத் தனியாகவும், சில நூறு ரியால்களை ஹிம்யானிலும் வைத்துக்கொள்வோர்க்கு, இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டாலும் அன்றைய உணவுக்குக் குறைவிராது.