அசல் உதிரிகள்

கல்லூரியில் என்னோடு ஆங்கிலம் படித்த நண்பன் ஒருவன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். மூன்று வருஷங்களாக ஒரு சிறுவர் சைக்கிளைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறான். 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்த மங்கூஸ். பி.எம்.எக்ஸ் என்று சொல்லப்படுகிற வகை: இருபது அங்குலச் சக்கரம், உயர்ந்த ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் ஃபிரேமும் ஃபோர்க்கும் ஒரு பிரேக் லீவரும் மட்டும் அவனுக்குக் கிடைத்தன. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறான். எந்த உதிரி எந்த வருஷத்தது என்று கணக்கு வைப்பது என் வேலை. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது வரும் என்பது அவன் நினைப்பு. அவன் படம் அனுப்புவான். நான் தேதியை வாசித்துச் சொல்வேன்.

அவனுடைய பால்யத்திலோ என்னுடைய பால்யத்திலோ இந்தச் சைக்கிள் இருந்ததில்லை. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’யில் பார்த்ததோடு சரி. 1982இல் வந்த அந்தப் படத்தை நாங்கள் பல வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். போலீஸ்காரர்களிடமிருந்து தப்பி வானத்தில் ஏறுகிற அந்தச் சைக்கிள்கள் ஒஸாகாவின் குவஹாரா நிறுவனத்துடையவை. பிறத்தியான் பால்யத்தின்மேல் ஏக்கம் வருவது விசித்திரம்தான். ஆனால் வருகிறது. அதை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே எழுதுகிறேன்.

பழைய வண்டியைச் செப்பனிடுகிறவர்கள் எல்லோரும் ‘அசல்’ என்ற வார்த்தையை ஓயாமல் உபயோகிக்கிறார்கள். அசல் பெடல், அசல் ரிம், அசல் ஸ்டிக்கர். அந்த வருஷத்துக் கம்பெனி விலைப்பட்டியலில் உள்ள படம்தான் அவர்களுக்கு மூலபாடம். படத்தில் உள்ளதெல்லாம் வண்டியில் இருக்க வேண்டும், இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. இந்த நம்பிக்கை எனக்கு ஆரம்பத்தில் நியாயமாகவே பட்டது. வண்டியின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்கத்தான் ஆட்டம் கண்டது.

சரித்திரம் 1963இல் ஆரம்பிக்கிறது. சிகாகோவின் ஷ்வின் கம்பெனி அந்த வருஷம் ஸ்டிங்-ரே என்ற சிறுவர் சைக்கிளை வெளியிட்டது. மாட்டுக் கொம்பு மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார், வாழைப்பழம் போல் நீண்ட சீட். அதை உருவாக்கிய ஆல் ஃபிரிட்ஸுக்கு இந்த யோசனை சொந்தமாக உதித்ததல்ல. கலிஃபோர்னியாப் பையன்கள் பழைய இருபது அங்குல வண்டிகளில் வேறு ஹேண்டில்பாரும் நீளச் சீட்டும் மாட்டி ஓட்டுகிறார்கள் என்று அவர் காதுக்கு எட்டியது; பையன்களின் கைவேலையைப் பார்த்துத் தொழிற்சாலை நகல் எடுத்தது. ஆக ‘அசல்’ ஸ்டிங்-ரேயே ஒரு நகல். விற்பனையோ சக்கைப்போடு.

பிறகு அதே கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் அடுத்த தலைமுறைப் பையன்கள் அந்த ஸ்டிங்-ரேயைக் கழற்றத் தொடங்கினார்கள். மட்கார்டு போயிற்று, செயின் கார்டு போயிற்று, வாழைப்பழச் சீட்டு போயிற்று. பெரியவர்கள் மோட்டார் சைக்கிளில் மண்மேட்டில் ஓட்டிய மோட்டோகிராஸ் பந்தயத்தைச் சைக்கிளில் செய்துபார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. 1970இல் லாங் பீச்சின் காலி மனை ஒன்றில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற பதின்மூன்று வயதுப் பையன் தானே பந்தயம் நடத்தினான். 1971இல் புரூஸ் பிரௌனின் ‘ஆன் எனி சண்டே’ வந்தது. மோட்டார் சைக்கிள் பற்றிய ஆவணப்படம். அதன் தொடக்கத்திலேயே மண்ணில் புழுதி கிளப்பி ஸ்டிங்-ரே ஓட்டும் பையன்கள் வருகிறார்கள். அதைப் பார்த்த ஊர்களிலெல்லாம் மட்கார்டுகள் கழன்றன.

அடுத்தது உடைசல் காலம். என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் சாரமே இங்குதான் இருக்கிறது. ஸ்டிங்-ரே பள்ளிக்கூடம் போய்வரச் செய்த வண்டி. மேட்டிலிருந்து குதித்தால் ஃபோர்க் வளைந்தது. கம்பி போட்ட சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டது. ஒரே துண்டான கிராங்க் வளைந்து ஃபிரேமில் உரசியது. இந்த முறிவுகள் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஓர் உதிரி பிறந்தது. மோட்டார் சைக்கிள் ஃபிரேம் செய்துகொண்டிருந்த ரெட்லைன் கம்பெனியின் லின் காஸ்டன் 1974 வாக்கில் குரோமோலி எஃகுக் குழாயில் ஃபோர்க் செய்தார். சிமி வேலியில் ஸ்கிப் ஹெஸ் கம்பியே இல்லாமல் ஒரே வார்ப்பாக மோட்டோமேக் சக்கரத்தைச் செய்தார். அந்தச் சக்கரம் விற்ற பிறகுதான் அதற்கேற்ற வண்டியாக மங்கூஸ் வந்தது. வட கலிஃபோர்னியாவின் ரெட்டிங் நகரிலிருந்து ஸ்கைவே கம்பெனி நைலானில் வார்த்த டஃப் வீலைக் கொண்டுவந்தது. பிறகு ரெட்லைனே மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் குழாய்க் கிராங்கையும் செய்தது. இன்றைக்கு ஏலத்தில் அதன் விலையைக் கேட்டால் எனக்குத் தலைசுற்றுகிறது.

அதாவது இங்கே உதிரிதான் முன்னால் வந்தது, வண்டி பின்னால். எந்த உதிரியை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பையனின் முழங்கால் சிராய்ப்பு இருக்கிறது. கம்பெனிகள் முழு வண்டி விற்றபோதும் பையன்கள் அதை அப்படியே ஓட்டவில்லை. அடுத்த வாரமே கைப்பிடி உறை மாறும், அடுத்த பிறந்தநாளுக்குச் சக்கரம் மாறும். புல்வெளி வெட்டிச் சம்பாதித்த காசு பெடலாக மாறும். விலைப்பட்டியலில் உள்ள நிலையில் ஒரு வண்டி ஒரு வாரம் இருந்திருந்தால் அதிகம்.

1980களின் தொடக்கத்தில் இந்த உதிரிகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. ஷிமானோ, சன்டூர், சுகினோ, டயா-கோம்பே, அராயா. கலிஃபோர்னியா ஃபிரேமில் ஜப்பான் சதை. தேதி வாசிக்கும் என் வேலைக்கு ஆதாரமும் அங்கிருந்தே கிடைக்கிறது. ஷிமானோ தன் உதிரிகளின் மறைவான இடத்தில் இரண்டு எழுத்து பொறிக்கும். முதல் எழுத்து வருஷம்: ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ என்றால் 1977 என்று வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம். ‘எஃப் பி’ என்று இருந்தால் 1981 பிப்ரவரி. விற்கிறவன் 1979 என்று சத்தியம் செய்தாலும் இரும்பு வேறு சொல்லும். சுவடியின் கடைசி ஏட்டில் பிரதி செய்தவன் நாள் குறித்து வைத்ததைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. பேரேடு எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் இல்லை நான்; இருந்தாலும் தேதி ஒத்துப்போவதில் ஒரு ருசி உண்டு.

இந்த ருசியால் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். நண்பன் டயர் தேடினான். அவனுக்கு வேண்டியது 20 × 1.75. பழைய கையிருப்பில் பிரிக்காத ஜோடி ஒன்று, 20 × 1 3/4, ஷ்வினுக்காகச் செய்தது, விற்பனைக்கு வந்தது. வாங்கலாமா என்று கேட்டான். ஒன்றே முக்கால் ஒன்றே முக்கால்தானே, தாராளமாக வாங்கு என்றேன். வந்து சேர்ந்த டயர் ரிம்மில் உட்காராமல் தொளதொளவென்று தொங்கியது. சைக்கிள் உலகத்தில் தசமத்தில் எழுதிய ஒன்றே முக்காலும் பின்னத்தில் எழுதிய ஒன்றே முக்காலும் வேறு வேறு அளவு. முன்னது உட்காரும் ரிம் 406 மில்லிமீட்டர் விட்டம், பின்னது உட்காரும் ரிம் 419. காசு எண்ணிப் பிழைக்கிறவன் இப்படித் தோற்றது எனக்கு நாலு நாள் உறுத்தியது.

ஹேண்டில்பாரைப் பிடித்து ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டிலும் இதே சங்கடம். இந்த அமெரிக்க வண்டிகளில் அது சுமார் 21.1 மில்லிமீட்டர், மற்றச் சைக்கிள்களில் 22.2. ஒரு மில்லிமீட்டர்தான். நுழையாது. இன்றைய பி.எம்.எக்ஸ் உதிரிகளோ வேறு வம்சம். ஃபோர்க் கழுத்தே பருத்துவிட்டது. ஆகவே புதுசு வாங்கி ஒப்பேற்ற வழியில்லை, பழையதைத் தேடியே ஆகவேண்டும்.

பழையது எங்கே கிடைக்கிறது? 1980களின் பின்பாதியில் பி.எம்.எக்ஸ் மோகம் அடங்கியது. பையன்கள் வளர்ந்தார்கள், கடைகள் மலைச் சைக்கிளுக்கு மாறின. விற்காத உதிரிகள் அட்டைப்பெட்டியோடு கடைகளின் பின்னறைக்குப் போயின. ஷ்வின் 1992இல் திவாலானது. மங்கூஸ் பல கை மாறிப் பெயர் மட்டும் மிஞ்சியது. சன்டூரும் 1990களில் பழைய உருவில் இல்லாமல் போயிற்று. பிறகு இணைய ஏலம் வந்தபோது பின்னறைப் பெட்டிகள் வெளியே வந்தன. பிரிக்கப்படாத பழைய சரக்குக்குத்தான் உச்ச விலை. பயன்படாததற்கு இவ்வளவு மதிப்பு என்பது யோசிக்க வேண்டிய விஷயம். எந்தப் பையனுக்கும் கிடைக்காமல் போனதால் விலை உயர்ந்த பொருள் அது.

காலம் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. குரோம் முலாம் தாங்குகிறது. மேல் துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தே எடுத்துவிடலாம், குரோமைவிட அது மெத்தென்பதால் கீறாது. அலுமினிய உதிரிகளில் ஏற்றிய சிவப்பும் நீலமும் வெயிலில் வெளுத்தால் திரும்பாது. மறுபடி ஏற்றினால் அந்தச் சாயல் வராது. ரப்பர் ஓட்டாமலே வெடிக்கிறது. அதனால் அசல் டயர் வைத்திருப்பவர்கள் அதைக் கண்காட்சிக்கு மாட்டிவிட்டு, ஓட்ட வேறு டயர் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டிக்கரோ பழையதைப் பார்த்து வரைந்து புதிதாக அச்சடித்தது. டஃப் வீலை ஸ்கைவே இன்றும் செய்து விற்கிறது. அதே கம்பெனி, அதே பெயர். அதை மாட்டினால் அசலா, நகலா? செப்பனிடுகிறவர்கள் இதைப் பற்றி ஓயாமல் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை அலுத்துவிட்டது. வேறொன்றுதான் அலுக்கவில்லை.

சந்தையில் ஃபிரேமோடு வந்த அந்த பிரேக் லீவர். டயா-கோம்பே அலுமினிய லீவர், வலது கைக்கு உரியது. அதில் ஐந்து துளைகள். கம்பெனி போட்டதல்ல. எடை குறையும் என்று அந்தக் காலத்தில் பையன்கள் லீவரிலும் செயின் சக்கரத்திலும் துளை போடுவது வழக்கம். சில கிராம் குறைந்திருக்கும். மூன்று துளைகள் ஒழுங்கு. நான்காவது விளிம்புக்கு நகர்ந்துவிட்டது. துரப்பணம் வழுக்கியிருக்க வேண்டும். ஐந்தாவதைப் போடும்போது கை நிதானப்பட்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வழுக்கிய கீறலும் தெரிகிறது.

நண்பன் போன மாதம் துளையில்லாத லீவர் ஒன்றைப் பிடித்துவிட்டான். பெட்டி பிரிக்காதது, அந்த வருஷத்தது. இனி வண்டி பட்டியல்படி சரியாகிவிடும் என்று எழுதினான். நான் மறுத்து நீளமாகப் பதில் எழுதினேன். உன் பட்டியல், விற்பவன் அந்த வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான் என்பதைச் சொல்கிறது. இந்த லீவர், ஓட்டியவன் அதை என்ன செய்தான் என்பதைச் சொல்கிறது. பையன்கள் மாற்றியதிலிருந்தே பிறந்த வண்டியில் பையன் மாற்றியதை மட்டும் பிழை என்று நீக்குவது என்ன பதிப்புமுறை என்று கேட்டேன். பாடபேதத்தை அடிக்குறிப்பில்கூடப் போடாமல் தூக்கியெறியும் பதிப்பாசிரியன் நீ என்று கடுமையாகவே எழுதிவிட்டேன். கொஞ்சம் அதிகம்தான்.

அவன் பதிலில் கோபம் இல்லை. அந்தப் பையன் யார் என்று எனக்கும் தெரியாது உனக்கும் தெரியாது, இல்லாத ஒருவனுக்காக வாதாடுகிறாய், நான் இருக்கிறேனே, என் ஆசை இந்த வண்டியின் சரித்திரத்தில் சேராதா, நானும் இதை மாற்றுகிற ஒரு பையன்தானே என்று கேட்டிருந்தான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

இரண்டு லீவர்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். இன்னும் எதையும் மாட்டவில்லை. வண்டி பிரேக் இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இதற்கிடையில் பெடல் ஒன்று வந்திருக்கிறதாம். உள்பக்க எழுத்து சரியாகத் தெரியவில்லை, ‘ஜி’யா ‘சி’யா என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறான். ‘ஜி’ என்றால் 1982, ‘சி’ என்றால் 1978. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. வெளிச்சத்தைச் சாய்த்துவைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.