நாற்காலி தந்த பட்டமளிப்பு உடை

மார்ச் மாதத்தில் ஜப்பானியப் பல்கலைக்கழக வாசல்களில் எடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பூப்போட்ட கிமோனோ, அதன்மேல் மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டிக் கணுக்கால்வரை இறங்கும் கொசுவம் வைத்த பாவாடை, கையில் சான்றிதழ். அங்கே படிக்கப்போன வெளிநாட்டு மாணவிகள் பலரும் ஊர் திரும்புமுன் இதே கோலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாவாடைக்குப் பெயர் ஹகாமா. பாரம்பரிய உடைதான், ஆனால் அது பெண்களின் படிப்போடு சேர்ந்து 150 ஆண்டுகள்தான் ஆகின்றன. சேர்த்துவைத்தது நாற்காலி.

ஹகாமா முதலில் கால்சட்டை. ஜப்பானின் பழைய கல்லறை மேடுகளில் கிடைக்கும் 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பொம்மைகளில், முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டிய தொளதொளக் கால்சட்டையோடு ஆண்கள் நிற்கிறார்கள். பிறகு அரண்மனைப் பெண்கள் அதைத் தரையில் புரளும் நீளத்தில், செக்கச் சிவப்பாக உடுத்தினார்கள். அதன்பின் சாமுராய்கள் காலத்தில் அது ஆண்களின் உடையானது. ஊர்ப் பெண்களுக்கும் ஹகாமாவுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று.

1872இல் தோக்கியோவில் அரசு பெண்களுக்கென்று பள்ளி திறந்தது. மேற்கத்திய முறை, மேசை, நாற்காலி எல்லாம் வந்தன. கிமோனோவோ முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கட்டுவது, பாயில் மண்டியிட்டு அமர்வதற்கு ஏற்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் விலகிவிடும். மாணவிகள் ஆண்களின் ஹகாமாவை எடுத்து மேலே கட்டிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் ஆண் வேடம் போடுவதா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. 1880களின் தொடக்கத்தில் அரசும் அதைத் தடுத்தது. படிக்க வசதியாக உட்கார நினைத்ததுதான் அந்தப் பெண்கள் செய்த குற்றம்.

வழி கண்டவர் ஷிமோதா உதாகோ. பேரரசியிடம் பணிபுரிந்தவர், 1885இல் தொடங்கிய உயர்குடிப் பெண்கள் பள்ளியின் ஆசிரியை. அரண்மனைச் சிவப்பு ஹகாமாவையும் ஆண்களின் கொசுவத்தையும் கலந்து, நடுவில் கால் பிரியாத பாவாடை ஒன்றை அமைத்தார். நிறம் கருஞ்சிவப்பு. அரண்மனைச் சாயல் இருந்ததால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. மற்றப் பள்ளிகள் பிறகு காப்பியடித்தன. அதோடு பூட்ஸ் சேர்ந்தது, சைக்கிள் சேர்ந்தது. அம்பின் இறகு போன்ற கோலம் போட்ட கிமோனோவும் சேர்ந்தது. நூலைக் கட்டிச் சாயமேற்றிவிட்டு நெய்யும் அந்தக் கலை, தென்கிழக்கு ஆசியாவோடு வணிகம் செய்த ரியூக்கியூ தீவுகளின் வழியே வந்து இறங்கியது.

ஷிமோதாவின் அந்த உயர்குடிப் பெண்கள் பள்ளியிலேயே ஆங்கிலம் கற்பித்தவர் த்சுதா உமேகோ. 1871இல் அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய ஐந்து சிறுமிகளில் கடைக்குட்டி, வயது ஆறு. கிமோனோவில் கப்பலேறிய அவர்களுக்குச் சிகாகோவில் மேற்கத்திய உடை வாங்கித் தந்தார்கள். பதினோரு ஆண்டு கழித்துத் திரும்பியபோது உமேகோவுக்கு ஜப்பானிய மொழியே மறந்திருந்தது. வெளிநாட்டுப் படிப்பு அன்று கிமோனோவைக் கழற்றவைத்தது.

எதிர்த் திசையில் வந்தவர் சீனப் பெண் ச்சியூ ஜின். 1904இல் ஜப்பானுக்கு வந்து, ஷிமோதா நிறுவிய ஜிஸ்ஸென் பள்ளியில் படித்தார். கிமோனோ உடுத்தி, கையில் குத்துவாளோடு அவர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் புகழ்பெற்றது. வெளிநாட்டு மாணவி ஒருவர் ஜப்பானிய உடையில் எடுத்துக்கொண்ட படங்களில் இதைவிடத் துணிச்சலானதை நான் பார்த்ததில்லை. சீன மாணவர்கள்மீது ஜப்பான் விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து ஊர் திரும்பினார். 1907இல் சீனாவை ஆண்ட சிங் அரசு அவர் தலையை வெட்டியது.

1920களில் மாலுமிச் சட்டைச் சீருடை பள்ளிகளில் பரவ, ஹகாமா பின்வாங்கியது. தகராசுகா இசைப்பள்ளி மட்டும் பச்சை ஹகாமாவை விடவில்லை. மாணவிகள் பட்டம் பெறுவது இன்றும் அதில்தான். மற்றவர்களிடம் அதைத் திருப்பிக் கொண்டுசேர்த்ததில் ஒரு படக்கதைக்குப் பெரும் பங்கு உண்டு. 1975இல் யமாதோ வகி வரையத் தொடங்கிய ‘ஹைகரா-சான் கா தோரு’வின் நாயகி, ஹகாமாவும் பூட்ஸும் அணிந்து சைக்கிளில் பறப்பவள். அவளைப் பார்த்து வளர்ந்த பெண்கள் பட்டமளிப்புக்கு அதையே கேட்டார்கள். வாடகைக் கடைகள் பெருகின.

மூன்று லட்சம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பது என்று 2008இல் ஜப்பான் திட்டமிட்டது, 2019இல் எட்டியும்விட்டது. அவர்களும் இந்த வாடகைக் கடைகளுக்கு வந்தார்கள். விடியுமுன் எழுந்து கடைக்குப் போனால், உடுத்திவிடும் அம்மாள் இடுப்பில் துண்டுகளைச் சுற்றி உடம்பை உருளையாக்கி, அதன்மேல் கிமோனோவை இறுக்கி, ஹகாமா நாடாவை முடிச்சிட்டு அனுப்புவார். ஆண்களுக்குக் கறுப்புக் கிமோனோ, மேலங்கி, கோடுபோட்ட ஹகாமா. மேலங்கியில் ஐந்து இடங்களில் குடும்பச் சின்னம் இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவனுக்கு அது ஏது? கடைக்காரர் யோசிப்பதில்லை. எந்தக் குடும்பத்தாரும் அணியலாம் என்று வழக்கமாகிவிட்ட பௌலோனியா இலைச் சின்னம் பொறித்த அங்கியை எடுத்துத் தருவார். வாடகைக்கு எடுக்கும் ஜப்பானியப் பையன்களுக்கும் பெரும்பாலும் அதுதான்.